ஓடிய வண்டியை ஓடாது என்றேன்

என் வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடாது என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு மனிதனின் வலது கை போயிற்று.

இதை இத்தனை சுருக்கமாக எழுதிவிட முடியும் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. இத்தனை வருடங்களாக மனத்துக்குள் எத்தனை விதமாகச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்! சூழ்நிலை அப்படி... யார் கண்டது... அவனுக்கு நேரம் சரியில்லை... எல்லாம் வெறும் பூச்சு. நீங்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. முக்கியமானதைச் சொல்லியாயிற்று.

ஆனால் நிறுத்தமாட்டீர்கள். எந்த வண்டி, யாருடைய கை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

அது ஒரு பழைய டீசல் பிக்கப். முன்னால் இருவர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. என் மாமனார் வாங்கிய வண்டி. அவர் பச்சைமலையில் மரவள்ளி போட்டவர். மலையில் விளைந்த கிழங்கைத் துறையூர்ப் பக்கம் இறக்குவதற்காகவே அதை வாங்கினார். உடம்புக்கு முடியாமல் படுத்தபோது என்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார்.

"மாப்ள, செல்வராசுக்கு ஓட்டத்தான் தெரியும், பாத்துக்கத் தெரியாது. ஒங்களுக்குக் கை வேலை வரும். நீங்களே வச்சுக்குங்க. கெழங்கு எடுக்குற மாசம் மட்டும் வண்டி மேல வந்துரணும். அவ்வளவுதான்."

செல்வராசு அவருடைய மகன். என் மனைவி தனத்தின் தம்பி. நான் தலையாட்டினேன். சாகப்போகிறவரிடம் தலையாட்டுவது எத்தனை சுலபம்!

அப்போது நாங்கள் கைலாசபுரத்துத் தொழிற்சாலைக் குடியிருப்பை விட்டு ஸ்ரீரங்கத்தில் மேலூர் பக்கம் சொந்த வீடு கட்டி வந்திருந்தோம். தொழிற்சாலையில் எனக்கு வரைபடப் பிரிவில் வேலை. நாள் முழுவதும் அடுத்தவர் செய்யப்போகிற இயந்திரங்களுக்குக் கோடு இழுப்பேன். என் கையால் எதையும் செய்ததில்லை. அந்தக் குறையை வண்டி தீர்த்துவைத்தது. வீட்டுப் பக்கவாட்டில் தகரம் வேய்ந்து ஷெட் போட்டேன். ஞாயிறு வந்தால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய பாயை விரித்து, வண்டிக்கு அடியில் போய்விடுவேன். தனம் சாப்பிடக் கூப்பிட்டால் என் கால்கள் மட்டும் பதில் சொல்லும்.

முதலில் ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது என்று சின்ன வேலைகள். பிறகு பிரேக். பிறகு கிளட்ச். கியர்பாக்ஸைத் தனியாளாக இறக்கி ஏற்றிய நாளில் நான் அடைந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட அடையவில்லை. இதைத் தனம் படித்தால் கோபித்துக்கொள்வாள்... இதைவிடக் கோபிக்க வேண்டியது கீழே நிறைய இருக்கிறது.

வேலை கைக்குப் பழகிய பிறகு ஆசை வந்தது. இருப்பதைச் சரியாக வைத்துக்கொண்டால் போதாதா? போதவில்லை. விளக்குகளை மாற்றினேன். சீட்டுக்குப் புது ரெக்சின் தைத்துப் போட்டேன். தொட்டியின் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தரைக்குப் புள்ளித் தகடு அடித்தேன். கடைசியில் வண்டி முழுவதையும் சுரண்டிப் பெயின்ட் அடித்தேன். நல்ல தந்த வெள்ளை. அலுவலகத்தில் போட்டோ காட்டினேன். "என்னப்பா, பொண்ணு பாக்கப் போறியா இதுல?" என்று கேலி செய்தார்கள். உள்ளுக்குள் எனக்கு அப்படியொரு குளிர்ச்சி!

இப்போது அந்த மாசம் வருகிறது. கிழங்கு எடுக்கிற மாசம்.

அதற்கு முந்தின வருடம் வண்டி மலையிலிருந்து திரும்பி வந்த கோலம் என் கண்ணில் நின்றது. பக்கப் பலகையில் ஒரு நசுங்கல். தொட்டி முழுக்கச் செம்மண். கதவில் வெற்றிலை எச்சில். செல்வராசு கழுவித்தான் கொண்டுவந்தான், பாவம். வழியில் ஏதோ குளத்தில் நிறுத்திக் கழுவியிருக்கிறான். நான்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

அவன் போன் செய்தது ஒரு மாலையில். பெயின்ட் காய்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

"மாமா, வர்ற வாரம் கெழங்கு புடுங்குறோம். ஞாயித்துக்கெழம காலைல மொதோ பஸ்ஸு புடிச்சு வந்துரட்டா? வண்டி ரெடியா இருக்கா?"

நான் ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சாயங்கால வெயில் பானெட்டில் பட்டு அந்த வெள்ளை பளபளத்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"இல்ல மாப்ள... வண்டி ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது. டீசல் பம்ப்பு போயிருச்சு."

இந்த வாக்கியத்தை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் யோசிக்காமல் வந்தது என்பதனால் பொய்யின் எடை குறையுமா? எத்தனையோ நாள் அடியில் கிடந்ததுதானே அப்படி வழுக்கிக்கொண்டு வந்திருக்கும்?

"அப்ப நம்மூரு மெக்கானிக்க கூட்டிட்டு வந்து பாக்கட்டா மாமா? அவன் பம்ப்பு வேல நல்லா பண்ணுவான்" என்றான்.

"வேணாம் மாப்ள. நானே கழட்டி மெட்ராஸுக்கு அனுப்பிட்டேன். வர்றதுக்கு நாளாவும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல எனக்குக் கூசுகிறது. பொய் சொன்னவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. பொய்யை மெய்யாக்குவதற்காக ஸ்பேனர் எடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்! அவன் ஒருவேளை வந்துவிட்டால்? தனம் பானெட்டைத் திறந்து பார்த்தால்? விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்பைக் கழற்றினேன். குழாய்களின் வாயைத் துணியால் கட்டினேன். பம்பைப் பழைய லுங்கியில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். தனம் கேட்டபோது அவளிடமும் அதே கதை. "அடடா, இப்பவா போவணும்!" என்று அவள் வருத்தப்பட்டாள். அவள் வருத்தத்தில் கலந்துகொண்டு நானும் உச்சுக்கொட்டினேன்.

கிழங்கு மாசத்தில் மலையில் வாடகை வண்டி லேசில் கிடைக்காது. பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது, கறுத்துவிடும். செல்வராசு இரண்டு நாள் அலைந்துவிட்டு, கீழே போன ஒரு டிராக்டர் டிரெய்லரில் மூட்டைகளை ஏற்றியிருக்கிறான். டிரைவர் பக்கத்தில் இடமில்லை. மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்திருக்கிறான். ஒரு வளைவில் டிரெய்லர் பக்கவாட்டில் சாய்ந்தது. எல்லா மூட்டையும் சரிந்து, பக்கப் பலகைக்கும் பாறைக்கும் நடுவில் அவன் வலது கை மாட்டிக்கொண்டது.

அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? வண்டிக்கு மெழுகு போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மணிக்கட்டுக்கு மேல் எடுக்க வேண்டியதாயிற்று. மயக்கம் தெளிந்தபோது கட்டில் பக்கத்தில் தனமும், அவன் மனைவி வசந்தாவும், நானும். வசந்தா அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். அவன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். என்னிடம் வந்து கண் நின்றது.

"நம்ம வண்டி மட்டும் ஓடியிருந்தா மாமா..."

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த நொடியில்! வாயைத் திறந்தேன்கூட. என் முகம் எப்படி இருந்ததோ... அவன் பதறிவிட்டான்.

"ஐயோ, ஒங்கள சொல்லல மாமா. மிசினு கெட்டுப்போனா நீங்க என்ன பண்ணுவீங்க? அக்கா, மாமாவுக்கு ஒரு டீ வாங்கிக் குடு. மொகமே செத்துப்போச்சு பாரு."

தனம் எனக்கு டீ வாங்கி வந்தாள். நான் அதைக் குடித்தேன். ஆம், குடித்தேன்.

மரவள்ளியைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறீர்களா? தண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, இடுப்பைக் கொடுத்து, மண்ணோடு அசைத்து அசைத்து இழுக்க வேண்டும். ஒரு கையால் ஆகாது. இப்போது அவன் காட்டில் வசந்தா பிடுங்குகிறாள். அவன் இடது கையால் மண்ணைத் தட்டிக் குவிக்கிறான். முதல் வருடம் போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த மாசத்தில் நான் மலைக்குப் போவதில்லை. முதுகுவலி என்று சொல்லிவிடுகிறேன். பாருங்கள், இன்னொரு பொய்.

விபத்துக்குப் பிறகு நான் வண்டியை எப்படி ஓட்டுவேன்? பம்ப் வந்துவிட்டது என்று அடுத்த வாரமே சாவியைத் திருகினால், "இத்தனை சீக்கிரம் ஆகியிருக்குமா? அவனுக்காக நாலு நாள் முன்னால் செய்திருக்கக்கூடாதா?" என்று ஒரு கேள்வி வரும். ஒரு கேள்வியை இழுத்தால் எல்லாமே வந்துவிடும். ஆகவே, இந்த மாடலுக்குப் பம்ப் வருவதில்லையாம் என்றேன். பழசைச் சரிசெய்து திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் பிடிக்கவில்லை என்றேன். எல்லோரும் நம்பினார்கள். பழைய வண்டி வைத்திருப்பவன் என்ன சொன்னாலும் ஊர் நம்பும்.

ஓடாமல் கிடக்கும் டீசல் இஞ்சின் செத்துப்போகும். உள்ளே டீசல் பிசின் கட்டும், ரப்பர் காயும். அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதனின் கை போனதைத் தாங்கிக்கொண்டவன், இஞ்சின் பாழாவதைத் தாங்க முடியாமல் தவித்தேன் என்றால் என்னை என்னவென்று நினைப்பீர்கள்? நினைத்துக்கொள்ளுங்கள். பரணிலிருந்து பம்பை இறக்கி மறுபடி மாட்டினேன். பம்பின் தலையில் ஒரு சின்ன வயர் வரும். அதை உருவி வைத்துவிட்டால் டீசல் உள்ளே போகாது. சாவியைத் திருகினால் செல்ஃப் மோட்டார் அடிக்கும், வண்டி பிடிக்காது. பார்ப்பவருக்குப் பம்ப் கெட்ட வண்டிதான். தனம் டீச்சர் வேலைக்குப் பள்ளிக்கூடம் போன பிறகு, நான் லீவு போட்ட நாள்களில், அந்த வயரைச் செருகிச் சாவியைத் திருகுவேன். முதல் சுற்றிலேயே உறுமும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, வயரை உருவிவிடுவேன்.

ஒரு நாள் தனம் கொடியிலிருந்து புடவையை எடுத்து முகர்ந்தாள். "ஏங்க, இதுல பொக நாத்தம் அடிக்குதுல்ல?" என்றாள். "பக்கத்துல யாராச்சும் குப்பை எரிச்சிருப்பாங்க" என்றேன். அவள் அந்தப் புடவையை மறுபடி நனைத்துப் போட்டாள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டுதான் சும்மா இருக்கிறாளா? இதை நான் அவளிடம் கேட்க முடியாது. கேட்டால் தெரிந்துவிடுமே!

செல்வராசு வரும்போதெல்லாம் வண்டியைப் போய்ப் பார்ப்பான். துறையூர் பஸ்ஸில் சத்திரம் பஸ் நிலையம் வந்து, ஒன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸில் ஏறி, தோளில் கிழங்கு மூட்டையோடு வருவான். "ஒரு தடவ அடிச்சுப் பாக்கலாமா மாமா?" என்பான். அவன் சீட்டில் ஏறி, இடது கையை வளைத்துச் சாவியைத் திருகுவான். நான் பானெட்டுக்குள் தலையை விட்டு நிற்பேன். செல்ஃப் கர்ர் கர்ர் என்று அடித்து ஓயும். உருவிய வயர் என் விரலுக்கு எட்டும் தூரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

"புடிக்குற மாதிரியே இருக்கு மாமா, புடிக்கல!" என்று அவன் சிரிப்பான்.

இதற்குப் பரிகாரம் என்று ஒன்றை நான் பிடித்துக்கொண்டேன். வண்டியை அவன் ஓட்டும்படியாக மாற்றுவது. பிரிக்க வந்த ஒரு வண்டியிலிருந்து பவர் ஸ்டீயரிங்கை வாங்கி வந்து, எத்தனையோ ஞாயிறுகள் போராடிப் பொருத்தினேன். பிறகு ஸ்டீயரிங் வளையத்தின் வலது பக்கத்தில், சுழலுகிற மாதிரி ஒரு கிண்ணம் வைத்தேன். உள்ளே தோல் தைத்தேன். கையில்லாத முன்கையை அதில் வைத்து அழுத்தினால் வளையம் திரும்பும். இடது கை கியருக்கு. லைட், இண்டிகேட்டர், ஹார்ன் எல்லாவற்றையும் இடது பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். லைசென்ஸ், சட்டம் எல்லாம் எனக்கும் தெரியும். அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். ஒரு வேலை முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். முடிந்ததும் இன்னொரு வேலை கண்ணில் படும். பிரேக்கை மேம்படுத்திவிட்டுச் சொல்லலாம். முன் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டுச் சொல்லலாம்... வீட்டில் வண்டி வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும். வேலை முடியாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலைதான். எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் அடுத்த ஞாயிறு பாயை விரிப்பேன்.

இதெல்லாம் அவன்மேல் வைத்த பாசமா, இல்லை என்மேல் அடித்துக்கொண்ட இன்னொரு கோட்டுப் பெயின்டா? எனக்குத் தெரியவில்லை. உண்மையாகத் தெரியவில்லை.

ஆயுத பூஜையன்று மாமனார் வண்டிக்குப் பொட்டு வைத்து மாலை போட்டு, நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைப்பார். வண்டி தானாகக் கிளம்பி அவற்றை நசுக்கி முன்னால் போக வேண்டும். அந்த வழக்கத்தை விடக்கூடாது என்று செல்வராசு வருடந்தோறும் மலையிலிருந்து பூசணிக்காயோடு வசந்தாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான். ஓடாத வண்டி எப்படிப் போகும்? நான் நியூட்ரலில் போட்டு ஸ்டீயரிங் பிடிப்பேன். அவர்கள் பின்னால் நின்று தள்ளுவார்கள். அவன் வலது தோளைத் தொட்டிப் பலகையில் கொடுத்துத் தள்ளுவான். கண்ணாடியில் எனக்குத் தெரியும். பழம் நசுங்குகிற சத்தம் சீட்டுக்குக் கீழே கேட்கும். "போச்சு போச்சு, திஷ்டியெல்லாம் போச்சு!" என்று அவன் கத்துவான். சாவி என் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.

போன ஆயுத பூஜைக்கு அவன் பூசணிக்காயோடு வரவில்லை. சாக்கில் வேறு ஏதோ கனமாக இருந்தது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைத் தரையில் வைத்து, பல்லால் கயிற்றை அவிழ்த்தான்.

"கெடச்சுருச்சு மாமா!"

ஒரு டீசல் பம்ப். எங்கள் வண்டிக்கு உரிய அதே மாடல்.

"எங்கெங்க தேடுனேன் தெரியுமா? பெரம்பலூரு, ஆத்தூரு, சேலம்... பழைய இரும்புக் கடை ஒண்ணு விடல. ஒங்களுக்கு இந்த வண்டி ஓடாத கவலை உள்ளயே அரிக்குதுன்னு எனக்குத் தெரியும் மாமா. அக்காவும் சொல்லுச்சு, ஞாயித்துக்கெழமயானா அவரு அதுக்கு அடியிலயே கெடக்குறாருன்னு."

வசந்தா பின்னால் நின்று சிரித்தாள். "எங்க போனாலும் பம்ப்பு பம்ப்புன்னே திரிஞ்சாருண்ணே. பித்துப் புடிச்ச மாதிரி." எதை விற்று அதை வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

நான் பம்பைத் தூக்கிப் பார்த்தேன். பக்கத்திலிருந்த துண்டால் அதன் தண்டைப் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. உள்ளே துரு ஏறி இறுகிப்போயிருந்தது. யாரோ ஒரு கடைக்காரன் ஒற்றைக் கைக்காரனிடம் செத்த பம்பைத் தள்ளிவிட்டிருக்கிறான்.

"நல்லா இருக்கா மாமா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் அந்த முகத்தைப் பார்த்திருந்தால்... சரி, என்னைக் காப்பாற்றிக்கொள்ள உங்களைத் துணைக்கு இழுக்கக்கூடாது.

"நல்லா இருக்கு மாப்ள" என்றேன்.

சொல்லியிருக்கலாம். அந்த முற்றத்தில் மூன்று பேரும் நின்றார்கள். பம்ப் கெட்டதே இல்லை என்று ஒரு வரி. அதற்குப் பதிலாக நான் சொன்னது: "எல்லாரும் கோயிலுக்குப் போய்த் தாயாரைப் பாத்துட்டு வாங்க. நவராத்திரிக் கூட்டம், எப்படியும் நேரமாவும். அதுக்குள்ள நான் மாட்டி வைக்கிறேன்."

அவர்கள் போனார்கள். கதவைச் சாத்தினேன். அவன் கொண்டுவந்த பம்பை, பரணில் அப்படியே கிடந்த பழைய லுங்கியில் சுற்றி மேலே ஏற்றினேன். பானெட்டைத் திறந்தேன். வயரைச் செருகினேன். வேலை அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் பாயில் உட்கார்ந்திருந்தேன். வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து, டப்பாவிலிருந்து கிரீஸை எடுத்து முழங்கை வரை பூசிக்கொண்டேன். நெற்றியிலும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

செல்வராசு ஓடிவந்தான். "முடிஞ்சுதா மாமா?"

"ஏறி உட்காரு. நீயே அடி."

அவன் ஏறினான். அப்போதுதான் கிண்ணத்தைப் பார்த்தான். அதுவரை அவன் சீட்டில் ஏறும்போதெல்லாம் அதன்மேல் ஒரு துண்டைச் சுற்றி மூடியே வைத்திருந்தேன். மெல்லத் தன் வலது முன்கையை எடுத்து அதற்குள் வைத்தான். கண்ணாலேயே அளவெடுத்துத் தைத்தது அல்லவா, சரியாக உட்கார்ந்தது. வளையத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கா மாமா இது?"

நான் தலையாட்டினேன். மாமனாரிடம் ஆட்டிய அதே தலை.

சாவியைத் திருகினான். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. வசந்தா கையெடுத்துக் கும்பிட்டாள். தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். சந்தோஷத்திலா பார்த்தாள்? எனக்குத் தெரியாது என்று முன்பே சொன்னேன். செல்வராசு உரக்கக் கத்தினான்: "பாத்தீங்களா! நான் வாங்குன பம்ப்பு மாமா! நான் வாங்குனது!" வண்டி எலுமிச்சம்பழங்களைத் தானாகவே நசுக்கிக்கொண்டு வாசல் வரை போயிற்று. அவன் இறங்கி வந்து, கிரீஸ் என்றும் பாராமல் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் கன்னமெல்லாம் கறுப்பாயிற்று. அது பொய்க் கிரீஸ். எந்த வேலையிலும் ஒட்டாத கிரீஸ்.

"பழைய பம்ப்பு எங்க மாமா?" என்று போகும்போது கேட்டான்.

"பரண்ல போட்டுட்டேன்."

"அத எதுக்கு வச்சிருக்கீங்க? அந்தச் சனியனத் தூக்கி எடைக்குப் போடுங்க. என் கையத் தின்ன சனியன்!"

வண்டி இப்போது மலையில் இருக்கிறது. கிழங்கு மாசம் நடக்கிறது. வளைவுகளில் ஓட்டச் சம்பளத்துக்கு ஒரு டிரைவர். ஊருக்குள் சமதரையில் மட்டும் அவனே ஓட்டுகிறானாம். மலையில் எல்லோரிடமும் பம்ப் கதையைச் சொல்லியாயிற்று. வாரம் தவறாமல் போன் செய்கிறான்.

"வண்டி எங்கயும் நிக்கல மாமா. நம்ம பம்ப்பு கல்லு மாதிரி இருக்கு!"

"ஆமா மாப்ள" என்கிறேன். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்கிறேன்.

ஷெட் காலியாகிவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பாயை விரிக்கிறேன். பரணிலிருந்து அவன் பம்பை இறக்கி மடியில் வைத்துக்கொள்கிறேன். டீசலில் ஊறவைத்து, பிரித்து, துருவைச் சுரண்டி, பூட்டி, தண்டைத் திருகிப் பார்க்கிறேன். அது என்றைக்காவது ஒருநாள் சுற்றினால், மலைக்குப் போய் யாருக்கும் தெரியாமல் வண்டியில் அதை மாட்டிவிடுவேன். அப்போது அவன் சொல்வது பொய்யாக இருக்காது. அவனுடைய பம்ப்தான் ஓடும். முன்னால் ஒரு பொய்யை மெய்யாக்கப் பம்பைக் கழற்றியவன், இப்போது இன்னொன்றை மெய்யாக்க உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அவன் கை வந்துவிடுமா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும், வராது.

தனம் நேற்று ஷெட் வாசலில் வந்து நின்றாள். நெடுநேரம் நின்றாள். "அது எந்தப் பம்ப்புங்க?" என்று கேட்டாள்.

"பழசு" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். நான் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி திருகினேன். அசையவில்லை.